அவகாசம் தராத அடி

1870 டிசம்பர் 26 அன்று லண்டனிலிருந்து பீட்டர்பரோவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயில் ஹாட்ஃபீல்டு ஊருக்கு அருகில் தடம்புரண்டது. 8 பேர் இறந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சக்கரம் ஒன்று உடைந்து சிதறியதே காரணம். இங்கிலாந்தில் அப்போது கடும் உறைபனி. குளிர் கூடினால் இரும்பு நொறுங்கும் என்பது ரயில்பாதையில் வேலை செய்தவர்களின் பழைய நம்பிக்கை. குளிர்காலத்தில் தண்டவாளங்களும் சக்கரப் பட்டைகளும் கோடையைவிட அதிகமாக முறிவதைக் கண்ணால் பார்த்து வந்த நம்பிக்கை அது. ஆனால் அடுத்த சில வாரங்களில் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவச் சங்கத்து அறிஞர்கள் இதைச் சோதனைக்கு உட்படுத்திவிட்டு, இதில் உண்மை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்புச் சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று எந்தக் கணக்கில் மாறும் என்று நிறுவிய ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் ஒருவர். இரும்புப் பாலங்களையும் கொதிகலன்களையும் சோதிப்பதிலேயே ஆயுளைக் கழித்த வில்லியம் ஃபேர்பெய்ர்ன் இன்னொருவர். அவர்களுடைய சோதனைகளில் பொய்யும் இல்லை, அலட்சியமும் இல்லை. ஆனாலும் அந்த விஷயத்தில் சரியாகச் சொன்னவர்கள் ரயில்பாதைத் தொழிலாளர்கள்தான். எஃகு எவ்வளவு தாங்கும் என்று கேட்பவர், எந்த வெப்பநிலையில் என்றும், எவ்வளவு நேரத்துக்குள் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கேட்டால் எஃகு தரும் பதில் உண்மையாகவே இருக்கும், ஆனால் நமக்கு வேண்டிய பதிலாக இருக்காது. உலோகச் சோதனைத் தொழிலுக்கு இது உறைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கருவி எஃகின் வரலாற்றையும் இந்தத் தாமதத்தின் ஒரு பகுதியாகத்தான் நான் படிக்கிறேன்.

ஜூலின் சோதனைகள் எளிமையானவை. ஒரு கம்பியின் ஒரு பகுதியை உறைகலவையில் வைத்து, மறுபகுதியைச் சாதாரண வெப்பத்தில் விட்டு, இழுத்து அறுத்தார். குளிரில் பலவீனம் வருமென்றால் கம்பி குளிர்ந்த பகுதியில்தானே அறுபட வேண்டும்? அப்படி நடக்கவில்லை. தையல் ஊசிகளைக் குளிரவைத்து வளைத்து ஒடித்தார்; வார்ப்பிரும்பு ஆணிகளின்மேல் எடையை விழவிட்டு உடைத்தார். எதிலும் குளிரால் கேடு தென்படவில்லை. உறைபனியின்மேல் பழி போடாதீர்கள், சக்கரத்தையும் அச்சையும் பொருத்துவதற்கு முன் சரியாகச் சோதிக்காததுதான் குற்றம் என்று முடித்தார். இந்த முடிவுக்குத் துணையும் இருந்தது. ஸ்டாக்ஹோமில் க்னூட் ஸ்டிஃபே என்ற பேராசிரியர் இரும்பு, எஃகுத் துண்டுகளைக் கடுங்குளிரில் மெதுவாக இழுத்துப் பார்த்து, குளிரில் அவற்றின் வலிமை குறைவதில்லை என்று ஏற்கெனவே எழுதியிருந்தார். அந்த நூல் 1869இல் ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் ஸ்வீடன் ரயில்வேக்காகத் தண்டவாளங்களைப் பரிசோதித்து வாங்கும் பொறுப்பில் இருந்த கிறிஸ்டர் சாண்ட்பெர்க். அவர் செய்த காரியம் சுவையானது. ஆசிரியரின் நூலை மொழிபெயர்த்து, ஆசிரியரின் முடிவை மறுக்கும் தன் சோதனையை அதிலேயே பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டார்.

சாண்ட்பெர்க் தண்டவாளத்தை இழுக்கவில்லை, அடித்தார். ஒரே தண்டவாளத்தைத் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டை ஸ்வீடனின் குளிர்காலத்திலும் இன்னொன்றைக் கோடையிலும் கனமான இரும்புக் குண்டால் தாக்கினார். உறைந்த தரை கெட்டிப்பட்டு முடிவைக் குழப்பிவிடும் என்ற ஆட்சேபம் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தண்டவாளத்தைத் தாங்கும் அடித்தளத்தைக் கோடையிலும் குளிரிலும் மாறாத கருங்கல் பாறையின்மீது அமைத்தார். வேல்ஸ், பிரான்ஸ், பெல்ஜியம் ஆகிய மூன்று இடங்களின் சரக்கிலும் ஒரே கதைதான். ஃபாரன்ஹீட் 84 டிகிரியில், அதாவது ஏறத்தாழ 29 செல்சியஸில் தாங்கிய அடியில் மூன்றில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான், ஃபாரன்ஹீட் 10 டிகிரியில், அதாவது மைனஸ் 12 செல்சியஸில், அந்த இரும்பால் தாங்க முடிந்தது. மான்செஸ்டர் விவாதம் நடந்தபோது இந்த எண்கள் அச்சில் வந்து இரண்டாண்டு ஆகியிருந்தன. ஜூலிடம் இல்லாத ஆதாரம் அல்ல அது. கையருகே கிடந்த ஆதாரம். ஓர் அறிவியல் சங்கம் இழுவைச் சோதனையை நம்பியதற்கும் அடிச் சோதனையைப் பின்தள்ளியதற்கும் ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. இழுவையில் எண் சுத்தமாகக் கிடைக்கும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம். அடி என்பது கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடும் கலவரம். அளக்க முடிந்ததையே உண்மை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அறிவாளிகளுக்குத்தான் அதிகம்.

இதில் யார் கண்டது தவறு என்று கேட்டால், ஒருவர் கண்டதும் தவறல்ல என்பதே விநோதம். குளிரில் இரும்பின் வலிமை உண்மையிலேயே கூடுகிறது. அது உடைவதற்குக் காரணமும் அதுவேதான். உலோகம் வளைந்து கொடுப்பது என்றால் அதன் படிகங்களுக்குள் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகின்றன என்று பொருள். நழுவல் வழியில் சின்னச் சின்னத் தடைகள் உண்டு. வெப்பத்தால் எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்கள் அந்தத் தடைகளைத் தாண்ட உதவுகின்றன. நெரிசலான பேருந்தில் இறங்க வேண்டியவர் கொஞ்சம் பொறுத்தால் ஆட்கள் அசையும்போது சந்து கிடைக்கும், பலம் காட்டத் தேவையில்லை. உடனே இறங்கியாக வேண்டும் என்றாலும், நிற்பவர்கள் அசையாமல் விறைத்திருந்தாலும், இடித்துத் தள்ளத்தான் வேண்டும். வேகமான அடியும் குளிரும் எஃகுக்குச் செய்வது இதுவே: ஒன்று அவகாசத்தைப் பறிக்கிறது, மற்றது அசைவைப் பறிக்கிறது. இரண்டிலும் நழுவலுக்குத் தேவைப்படும் விசை ஏறுகிறது. ஆனால் படிகத்தைப் பிளந்து இரண்டாக்கத் தேவைப்படும் விசை அவ்வளவாக ஏறுவதில்லை. பால் லுட்விக் 1909இல் இதை இரண்டு கோடுகளாகப் பார்க்கச் சொன்னார். நழுவும் விசையின் கோடு ஏறி, பிளக்கும் விசையின் கோட்டை ஒரு புள்ளியில் தாண்டிவிட்டால், அதன்பின் உலோகம் வளையாது, உடையும். ஸ்டிஃபே பார்த்தது முதல் கோட்டின் ஏற்றத்தை. சாண்ட்பெர்க் பார்த்தது இரண்டும் சந்தித்த இடத்துக்கு அப்பாலுள்ளதை. ஜூலின் மெல்லிய கம்பிகளும் ஊசிகளும் அந்தச் சந்திப்புக்கு வந்து சேரவே இல்லை. மெலிந்த பொருளில் எல்லாப் பக்கமும் நழுவ இடம் இருக்கிறது. தடித்த தண்டவாளத்தின் உள்ளே, அதிலும் ஒரு வடுவோ வெட்டோ உள்ள இடத்தில், சுற்றியிருக்கும் உலோகம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அவர் அடித்து உடைத்த வார்ப்பிரும்பு ஆணிகளோ கோடையிலும் உடைபவை. அவற்றிடம் குளிர் பறிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

இந்த இடத்தில் நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், கசடு அதிகம்; நல்ல சரக்கு குளிரில் உடையாது, கெட்ட சரக்குதான் உடைகிறது, ஆகவே இது தரத்தின் பிரச்சினை, காலத்தின் பிரச்சினையோ குளிரின் பிரச்சினையோ அல்ல என்று சொல்லலாம். ஜூலின் முடிவும் சாராம்சத்தில் இதுதான். பாஸ்பரஸ் இரும்பைக் குளிரில் முறியவைக்கும் என்பது பட்டறைக்காரர்களுக்கும் தெரிந்ததே. ஆனால் பாஸ்பரஸ் செய்வது, இரண்டு கோடுகளும் சந்திக்கும் வெப்பநிலையை மேலே தூக்குவது மட்டும்தான். அதை நீக்கினால் சந்திப்பு கீழே இறங்கும், மறைந்துபோகாது. தரம் என்று நாம் சொல்வது, எந்தக் குளிர்வரை, எந்த வேகம்வரை இந்த இரும்பு வளையும் என்பதற்கு வைத்த பெயர்தான். அதையும் அடித்துப் பார்க்காமல் அறிய முடியாது. சாதாரண கட்டுமான எஃகில் இந்தச் சந்திப்பு மனிதர்கள் வாழும் வெப்பநிலைகளுக்கு நடுவிலேயே, சுழியத்துக்கு இங்கும் அங்குமாக விழுவது நம் துரதிர்ஷ்டம். செம்புக்கும் அலுமினியத்துக்கும் இப்படி ஒரு சந்திப்பே இல்லை. அவற்றின் படிக அமைப்பு வேறு.

நேரம் என்ற விடுபட்ட பாதியை முதலில் கையில் எடுத்தவர் அதே மான்செஸ்டரைச் சேர்ந்த ஜான் ஹாப்கின்சன். 1872இல், விவாதச் சூடு தணியும் முன்னரே, ஒரு நீளமான இரும்புக் கம்பியை மேலிருந்து தொங்கவிட்டு, அதன் கீழ்முனையில் ஒரு பிடி பொருத்தினார். கம்பியில் கோத்த துளையிட்ட குண்டு மேலிருந்து வழுக்கி வந்து பிடியை இடிக்கும். கனமான குண்டு கம்பியை எளிதாக அறுக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அறுபடுவதும் படாததும் குண்டின் எடையை அவ்வளவாகச் சார்ந்திருக்கவில்லை. விழுந்த உயரத்தையே, அதாவது இடித்த வேகத்தையே சார்ந்திருந்தது. அடி விழுந்த இடத்தில் அறுபடாமல், எதிர்முனையில், மேலே கட்டிய இடத்தில் கம்பி அறுபட்டதும் உண்டு. அடி ஓர் அலையாகக் கம்பியில் ஏறி, கட்டிய முனையில் மோதித் திரும்பும்போது இறுக்கம் இரட்டிப்பாவதே காரணம். எஃகில் அந்த அலை வினாடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அவருடைய மகன் பெர்ட்ரம் ஹாப்கின்சன் 1905இல் இதே சோதனையைத் துல்லியமாகத் திரும்பச் செய்து, வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீடிக்கும் விசை என்றால், மெதுவாக இழுத்தால் அறுத்துவிடும் அளவுக்கு மேலும் கம்பி தாங்கும் என்று காட்டினார். எஃகின் வலிமைக்கு ஒற்றை எண் கிடையாது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் தேவையில்லை. 1914இல் அவர் இன்னொரு படி போனார். தொங்கவிட்ட எஃகுத் தண்டின் ஒரு முனையில் துப்பாக்கிக் குண்டை மோதவிட்டு, மறுமுனையில் காந்த ஈர்ப்பால் ஒட்டவைத்த சிறு துண்டு எவ்வளவு உந்தத்தோடு பறந்துபோகிறது என்று அளந்தார். துண்டின் நீளத்தை மாற்றி மாற்றி, அடியின் அழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று கணக்கிட்டார். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலம். தந்தை 1898இல் ஆல்ப்ஸ் மலையேற்ற விபத்தில் தன் மூன்று பிள்ளைகளோடு இறந்தார். மகன் 1918இல் தானே ஓட்டிய விமானம் விழுந்து இறந்தார். அவருடைய தண்டை இரண்டாகப் பிரித்து நடுவே மாதிரியை வைக்கும் முறையை 1949இல் ஹெர்பர்ட் கோல்ஸ்கி வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அதிவேகச் சோதனைக்கூடங்களில் நடப்பது பெரும்பாலும் அதுதான்.

இதற்கிடையில் அடிச் சோதனை தொழிற்சாலைக்குள்ளும் வந்திருந்தது. பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் ஷார்ப்பி 1901இல், வடு வெட்டிய சிறு கட்டையை ஊசலால் அடித்து உடைத்து, ஊசல் இழந்த ஆற்றலை அளக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். வடுவும் வேகமும் குளிரும் ஒரே சோதனையில் கூடும் மலிவான கருவி. என்றாலும் கப்பல் கட்டுபவர்கள் அடுத்த நாற்பது ஆண்டுகள் இழுவை எண்ணையே நம்பினார்கள். 1943 ஜனவரி 16 இரவு, அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறையில், வெள்ளோட்டம் முடிந்து அமைதியான நீரில் கட்டி நிறுத்தியிருந்த ஷெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென நடுவில் பிளந்தது. காற்றின் வெப்பநிலை மைனஸ் 3 டிகிரி அளவில் இருந்தது. போர்க்காலத்தில் அவசரமாகப் பற்றவைத்த மற்றக் கப்பல்களிலும் இதுபோல் பிளவுகள் வந்தன. பற்றவைத்தவர்களின்மேல் பழி விழுந்தது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் அந்தத் தகடுகளைச் சோதித்து, குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே அந்த எஃகே வளையும் குணத்தை இழக்கிறது என்று காட்டினார். என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றாகவும் இந்தக் கப்பலைக் காட்டலாம்: அதை யாரும் அடிக்கவில்லையே, நீர் அசையவும் இல்லையே, வேகம் எங்கிருந்து வந்தது? விரிசலின் நுனியிலிருந்து வந்தது என்பதே பதில். ஒரு மூலையில் சிறு விரிசல் தொடங்கிவிட்டால், அதன் நுனிக்கு முன்னால் இருக்கும் உலோகத்துக்குக் கிடைக்கும் அவகாசம் வினாடியின் மிகச் சிறு துணுக்கு மட்டுமே. வெளியே கப்பல் சும்மா நின்றது; நுனியில் இருந்த இரும்புக்கு அது அதிவேக அடி. பற்றவைப்பும் தன் பங்கைச் செய்தது. ஆணி அடித்து இணைத்த பழைய கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுபோகும். பற்றவைத்ததில் அது தொடர்ந்து ஓட வழி கிடைத்தது.

இதுவரை பேசியதெல்லாம் குளிரின் பக்கம். வெப்பத்தின் பக்கத்தில் கதை தலைகீழாகிறது, கருவி எஃகும் அங்கேதான் உள்ளே வருகிறது. பட்டறையில் வேலை செய்யும் உளியின் வாயோ லேத்தில் பூட்டிய கருவியின் நுனியோ சந்திப்பது குளிரை அல்ல, தானே உண்டாக்கிக்கொள்ளும் சூட்டை. உலோகத்தை உருக்குலைக்கச் செலவிடும் வேலையில் பெரும்பகுதி வெப்பமாகிறது. கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லரும் குவின்னியும் 1934இல் அளந்தபோது அது ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வந்தது. மெதுவாக வளைத்தால் அந்த வெப்பம் பரவிப் போய்விடும். வேகமாக அடித்தால் போக நேரமில்லை, உருவான இடத்திலேயே தங்கும். இதைக் கண்ணால் கண்டு எழுதியவர் ஹென்றி டிரெஸ்கா. மீட்டர் அளவுகோல்களுக்காக வார்த்த பிளாட்டினம்–இரிடியம் கட்டி, சம்மட்டி இயந்திரத்தின் கீழ் செந்நிறம் தணிந்து இருண்டிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அதன் பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக எக்ஸ் வடிவில் ஒளிரும் கோடுகள் தோன்றி மறைந்தன. 1878இல் அவர் இதைப் பொறியாளர்கள் முன் விளக்கினார். மற்ற உலோகக் கட்டைகளின் பக்கங்களில் மெழுகு பூசி அடித்து, அடியின் வெப்பம் எங்கெங்கே மெழுகை உருக்குகிறது என்றும் பார்த்தார். உருக்குலைவு உலோகம் முழுவதும் சமமாகப் பரவவில்லை, சில கோடுகளில் குவிகிறது. வெப்பமும் அங்கேயே குவிகிறது. இவ்வளவு தெளிவான சாட்சியம் இருந்தும் இதன் முக்கியத்துவம் விளங்க இரண்டு தலைமுறை ஆனது.

கருவி செய்பவர்கள் கோட்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. கார்பன் எஃகுக் கருவி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே தன் கடினத்தை இழக்கத் தொடங்கிவிடும். வேகமாக வெட்டினால் நுனி சூடேறி மழுங்கும். ஆகவே மெதுவாகத்தான் வெட்ட வேண்டும். இங்கிலாந்தின் டீன் காட்டுப் பகுதியில் ராபர்ட் மஷெட் 1868இல் டங்ஸ்டன் சேர்த்துச் செய்த எஃகு, தண்ணீரில் தோய்க்காமல் காற்றிலேயே ஆறிக் கடினமானது. சேர்மானத்தை அவர் ரகசியமாகவே வைத்திருந்தார். பின்னர் ஷெஃபீல்டில் சாமுவேல் ஆஸ்போர்ன் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. அதைவிடப் பெரிய திருப்பம் பென்சில்வேனியாவின் பெத்லஹேம் எஃகாலையில் வந்தது. செர்ரிச் சிவப்பைத் தாண்டிச் சூடாக்கினால் கருவி பாழ் என்பது கொல்லர்களின் மாறாத விதி. ஃபிரெடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் 1890களின் இறுதியில், டங்ஸ்டன், குரோமியம் கலந்த எஃகை அந்த விதிக்கு மாறாக உருகுநிலையை நெருங்கும்வரை சூடாக்கிப் பார்த்தார்கள். பாழாகும் கட்டத்தையும் தாண்டிப் போனபோது கருவி முன்பைவிடச் சிறந்ததாக வெளியே வந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்தக் கருவியின் நுனி மங்கிய சிவப்பில் கனன்றபடியே எஃகைச் சீவியது; சுருள்கள் நீலமாக விழுந்தன.   கொல்லர்களின் விதி மூடநம்பிக்கை என்று சொல்வது அநியாயம். கார்பன் எஃகுக்கு அது முழு உண்மை. டெய்லரும் ஒயிட்டும் மாற்றியது, எஃகு எந்த வெப்பநிலையில் கேள்விக்கு உட்படுகிறது என்பதைத்தான். 500, 600 டிகிரியில் கடினமாக இருக்க வேண்டிய பொருளை அறையின் வெப்பத்தில் தட்டிப் பார்த்து மதிப்பிடுவது, சக்கரப் பட்டையை மெதுவாக இழுத்து மதிப்பிட்டதற்குச் சமம்.

ஆனால் சூட்டில் கடினம் காத்த எஃகு, அடியில் தோற்றது. அதிவேக எஃகு என்று பெயர் பெற்ற இந்த வகையால் செய்த, துளையிடும் பஞ்சும் (punch) உளியும் ஓங்கி அடித்தால் சில்லாகத் தெறிக்கும். எனவே அடி வாங்கும் வேலைக்கென்று கார்பனைப் பாதி சதவீத அளவுக்குக் குறைத்து, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து, உறுதியை வாங்கிய ஒரு தனிக் குடும்பம் வளர்ந்தது. அமெரிக்கத் தரவரிசையில் எஸ் என்ற எழுத்தில் தொடங்குபவை அவை. அவற்றில் எஸ்–7இல் சுமார் 3.25 சதவீதம் குரோமியமும் 1.4 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. கடினப்படுத்திய கருவி எஃகில் கப்பல் தகட்டைப் போல ஒரு குறுகிய எல்லையில் குணம் தடாலென்று மாறுவதில்லை. குளிரிலிருந்து சூட்டுக்கு அதன் உறுதி மெல்ல மெல்ல ஏறும். அந்த மெல்லிய ஏற்றத்தையும் தொழில் விட்டுவைக்கவில்லை. ஃபோர்ஜிங் பட்டறையில் உருக்கொடுக்கும் அச்சான டையை முதல் அடிக்கு முன் 150 டிகிரிக்கு மேல் சூடேற்றிக்கொள்வது வழக்கம். வடதேசக் காடுகளில் கடுங்குளிரில் மரம் வெட்டப் போகிறவர்கள் கோடரியின் வாயை முதலில் கொஞ்சம் சூடுகாட்டுவார்கள். 1871இல் ரயில்பாதைக்காரர்களுக்குத் தெரிந்திருந்ததும் இதே வகை அறிவு. காரணம் சொல்லத் தெரியாத அறிவு என்பதால் சங்கங்களில் அது எடுபடவில்லை.

காரணத்தைக் கணக்காக எழுதியவர்கள் கிளாரன்ஸ் ஜீனரும் ஜான் ஹாலமனும். அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் வேலை செய்த இவர்கள் 1944இல் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். ஒன்று, எஃகைப் பொறுத்தவரை உருக்குலைக்கும் வேகத்தைக் கூட்டுவதும் வெப்பநிலையைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று ஈடு. இரண்டையும் ஒரே அளவீட்டில் அடக்கலாம். மற்றது, வேகம் மிகவும் கூடினால் இந்த ஈடு தானே தன்னை அழித்துக்கொள்ளும். வெப்பம் போக வழியில்லாததால் உலோகம் சூடாகி இளகும். இளகிய இடத்தில் மேலும் உருக்குலைவு குவியும். குவிந்த இடம் மேலும் சூடாகும். டிரெஸ்கா கண்ட ஒளிரும் கோடுகள் இவைதான். எஃகுத் தகட்டில் பஞ்சை வேகமாகச் செலுத்தி, மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே அகலமான வெண்ணிறப் பட்டையை அவர்கள் உருப்பெருக்கியில் பார்த்தார்கள். அந்த இடம் ஒரு கணம் செந்தணலாகி, அக்கம்பக்கத்துக் குளிர்ந்த உலோகத்தால் உடனே தோய்க்கப்பட்டு, மிகக் கடினமாக உறைந்துவிடுகிறது. பிறகு விரிசல் அதன் வழியே ஓடும். குளிரில் உடைவதும் வேகத்தில் இப்படி அறுந்துபோவதும் எதிரெதிராகத் தோன்றினாலும், இரண்டிலும் எஃகுக்கு மறுக்கப்படுவது அவகாசமே. முதலாவதில் நழுவ அவகாசமில்லை. இரண்டாவதில் சூட்டை வெளியேற்ற அவகாசமில்லை.

கார்டன் ஜான்சனும் வில்லியம் குக்கும் 1983இல் வெளியிட்ட சமன்பாடு இந்த வரலாற்றைப் பொறியாளர்களின் அன்றாடக் கருவியாக்கியது. பன்னிரண்டு உலோகங்களை முறுக்கியும், சூடேற்றி ஹாப்கின்சன் தண்டில் இழுத்தும் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் சில மாறிலிகளைக் கொடுத்தார்கள். அவற்றில் எஸ்–7 கருவி எஃகும் ஒன்று. அந்த அட்டவணையின் எண்களைக் கொண்டு நானே கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று துலக்கமாகத் தெரிகிறது. உருக்குலைக்கும் வேகத்தை ஆயிரம் மடங்கு கூட்டினால், கலப்பில்லாத ஆர்ம்கோ இரும்பின் வலிமை 41 சதவீதம் ஏறுகிறது. எஸ்–7இல் ஏற்றம் 8 சதவீதம் மட்டும். கடினமாக்கிய எஃகு வேகத்தால் பெரிதாக லாபமடைவதில்லை. ஆனால் வலிமை ஏற்கெனவே உயரமாக இருப்பதால், அதை உருக்குலைக்கச் செலவாகும் வேலை அதிகம், ஆகவே சூடும் அதிகம். எஸ்–7 வேகமான அடியில் 20 சதவீதம் உருக்குலைந்தால் சுமார் 90 டிகிரி சூடேறும். இரும்பில் அதே அளவு உருக்குலைவுக்கு ஏறுவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகத்தின் நன்மை சிறிது, சூட்டின் தீமை பெரிது. வெண்பட்டைகள் மென்மையான இரும்பைவிடக் கடின எஃகில் எளிதாக உண்டாவதற்கு இந்தக் கணக்கே போதும். 600 டிகிரியில் எஸ்–7 தன் வலிமையில் ஏறத்தாழ 40 சதவீதத்தை இழக்கும் என்று அதே சமன்பாடு சொல்கிறது. அங்கே ஒரு எச்சரிக்கை தேவை. அடி நீடிக்கும் நுண்வினாடிகளுக்குத்தான் அந்த எண். அதே 600 டிகிரியில் எஃகை ஒரு மணி நேரம் வைத்திருந்தால் பதம் இறங்கி அது வேறொரு எஃகாகிவிடும். அதற்குப் பிறகு ஆறவைத்தாலும் பழைய வலிமை திரும்பாது.

இந்தச் சமன்பாட்டின்மேலும் ஒரு குற்றச்சாட்டு உண்டு, அது சரியானது. வேகத்துக்கு ஒரு காரணி, வெப்பத்துக்கு ஒரு காரணி என்று தனித்தனியாகப் பெருக்குகிறது. ஒன்று இன்னொன்றைப் பாதிப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. ஜீனரும் ஹாலமனும் பிரிக்க முடியாதென்று சொன்ன இரண்டையும் ஜான்சனும் குக்கும் கணினியின் வசதிக்காகப் பிரித்துவிட்டார்கள். அவர்கள் இதை மறைக்கவில்லை. மாறிலிகளை எளிதாகப் பெறலாம், நிரலில் எளிதாக எழுதலாம் என்பதற்காகவே இந்த வடிவம். 1987இல் ஃபிராங்க் ஜெரில்லியும் ரொனால்ட் ஆர்ம்ஸ்ட்ராங்கும் அணு வரிசைகள் நழுவும் முறையிலிருந்தே தொடங்கி, வேகமும் வெப்பமும் ஒரே அடைப்புக்குள் வரும் சமன்பாட்டைத் தந்தார்கள். இரும்பு போன்ற உலோகங்களுக்கு அது பொருத்தமானது என்று அறிந்தும், பொறியியல் கணிப்புகளில் பழைய சமன்பாடே அதிகம் புழங்குகிறது. அளக்க வசதியானதை முன்னிறுத்துவது 1871 மான்செஸ்டரோடு முடிந்த பழக்கம் அல்ல. நடைமுறையில் இதைவிடவும் கவலைக்குரிய விஷயம் அட்டவணையின் ஓரத்தில் இருக்கிறது. ஜான்சனும் குக்கும் சோதித்த எஸ்–7, ராக்வெல் சி அளவில் 50 கடினம் கொண்டது. பஞ்சுக்கும் டைக்கும் அந்த எஃகைப் பயன்படுத்தும் பட்டறைகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரை கடினமாக்கிக்கொள்கின்றன. அந்தக் கடினத்தில் வலிமையும் வேறு, சூடேறும் அளவும் வேறு, விரிசலுக்கு முன் கிடைக்கும் அவகாசமும் வேறு. 1983இன் மாறிலிகளை அப்படியே நிரலில் இட்டு இந்தப் பஞ்சு தாங்கும் என்று கணிப்பவர், வேறொரு எஃகைப் பற்றிக் கணித்துக்கொண்டிருக்கிறார்.